சினை நாயும் வெப்பமானியும்

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ வெள்ளை வெளேரென்று புசுபுசுவென்ற ஒரு சிறிய நாய் இருக்கக்கூடும். நாம் எல்லோரும் அதைப் 'பொமரேனியன்' என்று அழைக்கிறோம். நம் ஊர்களில் காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அந்த நாய் சினையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயிறு பெருத்துவிட்டது. "இன்றைக்குப் போட்டுவிடும்" என்கிறார் பாட்டி. "இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்கிறார் பால்காரர். யார் சொல்வது சரி? குட்டி போடும் நேரத்தை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

உண்டு. பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை முன்னதாகவே அறியலாம். அதற்கு வேண்டியவை ஒரு வெப்பமானி, ஒரு கிராப் தாள், கொஞ்சம் பொறுமை. நாயைப் பற்றி இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன பேச்சு என்று எண்ணாதீர்கள். இந்தச் செய்தியில் இயற்பியல் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டு நாயிடம்தான். ஒரு குட்டியைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் வசிப்பது செஞ்சியில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த பெருங்கோட்டை இருக்கும் ஊர். 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியரின் கோட்டைகளோடு இக்கோட்டையும் சேர்ந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஊருக்குப் பெருமைதான். ஆனால் நள்ளிரவில் ஒரு சிறு நாய்க்கு அறுவை மருத்துவம் செய்ய வேண்டி வந்தால் வேறு ஊருக்குத்தான் வண்டி ஏற வேண்டியிருக்கும். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகியவை இங்கிருந்து ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள புதுச்சேரி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலைச் சாலையில் வண்டிகள் நகருவதே அரிது. இத்தகைய ஊரில் அரை நாள் முன்னறிவிப்பு என்பது சிறிய விஷயமன்று. மருத்துவரிடம் சொல்லி வைக்கலாம். வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். குட்டிகளுக்குக் கதகதப்பான ஒரு பெட்டியைத் தயாராக வைக்கலாம்.

நாயின் சினைக்காலம் 63 நாட்கள் என்று பலரும் சொல்வார்கள். அது சரியான எண்தான். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 63 நாட்கள் என்பது ஓரிரு நாள் வேறுபாட்டுடன் பொருந்தும். ஆனால் நமக்குத் தெரிவது நாய்கள் சேர்ந்த நாள் மட்டுமே. ஆண் நாயின் விந்தணுக்கள் பெட்டையின் உடலில் பல நாட்கள் உயிரோடு காத்திருக்கும். வெளிப்பட்ட முட்டையும் முதிர்ச்சி அடைய இரண்டு நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே, சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 57-ஆம் நாளிலும் குட்டி பிறக்கலாம், 72-ஆம் நாளிலும் பிறக்கலாம். நாட்காட்டி வாரத்தைக் காட்டும், நாளைக் காட்டாது.

சரி, நாயைப் பார்த்தே சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். நேரம் நெருங்கும்போது நாய் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுக்கும். சாக்கையும் பழந்துணியையும் கட்டிலடியில் இழுத்துப் போட்டுப் பிறாண்டும். இது கூடு கட்டும் இயல்பு. பல நாய்கள் உணவை மறுக்கும், சில வாந்தி எடுக்கும், சில நடுங்கும். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். இவை எல்லாம் பிரசவத்தின் முதற்கட்ட அடையாளங்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் எந்த நாய்தான் இரைக்காமல் இருக்கிறது? என் வீட்டு நாய் முதல் குட்டி பிறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம் மோர்ச்சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றது. காம்பில் பால் சுரப்பதை நம்பலாம் என்பார்கள். சில நாய்களுக்கு அது பல நாட்கள் முன்பே வந்துவிடும். சிலவற்றுக்குக் கடைசி நேரத்தில்தான் வரும். சினையே இல்லாத நாய்கூட, 'பொய்ச் சினை' என்னும் நிலையில், பால் சுரந்து படுக்கை சேர்க்கும்! தனித்தனியே எந்த அடையாளமும் போதாது.

இனி வெப்பநிலைக்கு வருவோம். நலமாக உள்ள நாயின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிடச் சற்று அதிகம். ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். செல்சியஸ் அளவில் 38.3 முதல் 39.2. சினையின் கடைசி வாரத்தில் இது சிறிது குறைந்து 100, 101 என்று ஊசலாடும். பிரசவம் தொடங்குவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு திடீரென்று இரண்டு டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலுமோ இறங்கி, 99-க்குக் கீழே போய்விடும். பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். இந்தப் பள்ளம்தான் நமக்கு வேண்டிய முன்னறிவிப்பு.

இது ஏன் நிகழ்கிறது? சினைக்காலம் முழுவதும் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் இருக்கிறது. கருப்பையின் தசைகளைச் சுருங்கவிடாமல் அமைதியாக வைத்திருப்பது அதன் வேலை. மனிதரில் சில வாரங்களுக்குப் பின் நச்சுக்கொடியே இந்த ஹார்மோனைத் தயாரிக்கும். நாயிலோ கடைசிவரை சூலகம்தான் தயாரிக்க வேண்டும். குட்டிகள் முதிர்ந்ததும் அவற்றின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாகப் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, சூலகத்தின் புரோஜெஸ்டிரான் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. ஆக, "நாங்கள் தயார்" என்று முதலில் மணி அடிப்பவை குட்டிகளே! புரோஜெஸ்டிரானுக்கு உடலின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி வைக்கும் தன்மையும் உண்டு. அது சட்டென்று மறைந்ததும் வெப்பநிலை இறங்குகிறது. உடலின் வெப்ப உற்பத்தி சுதாரித்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகிறது.

இப்போது இயற்பியல் மாணவருக்கு உரிய கேள்வி ஒன்று. கால்நடை மகப்பேற்று நூல்களில் ஒரு குறிப்பு காணப்படுகிறது: பெரிய இன நாய்களில் இந்த இறக்கம் 37 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவது அரிது, நடுத்தர நாய்களில் 36 வரை போகும், மிகச் சிறிய நாய்களில் 35 வரைகூடப் போகும். ஹார்மோன் ஒன்றுதான், நிகழ்ச்சியும் ஒன்றுதான். சிறிய நாய் மட்டும் ஏன் அதிகமாகக் குளிர்கிறது?

விடையைச் செஞ்சிப் பாறைகளிடம் கேட்போம். எங்கள் குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பெரும் பாறைகளால் ஆனவை. கோட்டைக்கு வெளியே சாலை ஓரத்திலும் அத்தகைய பாறைகள் உண்டு. பகலெல்லாம் ஒரே வெயிலில் காய்ந்த ஒரு பெரும் பாறையையும் அதன் அருகில் கிடக்கும் கூழாங்கல்லையும் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கூழாங்கல் ஆறிப்போயிருக்கும், பாறையில் சூடு இருக்கும். இரவு எட்டு மணிக்கும் அதில் முதுகைச் சாய்த்தால் இதமாக இருக்கும்.

ஒரு பொருளில் அடங்கியுள்ள வெப்பம் அதன் கன அளவைப் பொறுத்தது. வெப்பம் வெளியேறும் வழியோ அதன் மேற்பரப்பு. 2 செ.மீ. பக்கமுள்ள கன சதுரத்தின் மேற்பரப்பு 24 ச.செ.மீ.; கன அளவு 8 க.செ.மீ. ஒரு கன சென்டிமீட்டருக்கு 3 ச.செ.மீ. பரப்பு. பக்கத்தை இரு மடங்காக்கி 4 செ.மீ. ஆக்குங்கள். பரப்பு 96, கன அளவு 64, விகிதம் 1.5 ஆகக் குறைந்துவிட்டது. நாய் கன சதுரம் அன்று. ஆயினும் கணக்கு மாறாது. 40 கிலோ எடையுள்ள பெரிய நாயையும் 5 கிலோ ஸ்பிட்ஸையும் ஒப்பிட்டால் எடை எட்டு மடங்கு, நீளம் இரு மடங்கு, தோலின் பரப்பு நான்கு மடங்கு. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் சிறிய நாய் இரு மடங்கு தோலைச் சுமக்கிறது. கல் தானாக வெப்பத்தை உண்டாக்காது, நாய் உண்டாக்கும். அந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம். ஆனால் அந்த உற்பத்தி சில மணி நேரம் தடுமாறும்போது, கூழாங்கல்லைப் போலவே சிறிய நாய் வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. இதில் நமக்கு ஓர் ஆதாயமும் உண்டு: சிறிய நாயில் பள்ளம் ஆழமாக இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது.

எளிது என்று எழுதிவிட்டேன். நானோ முதல் முறை அதைக் கோட்டைவிட்டேன்!

ஒரு கார்த்திகை மாதம். ரோஸி முதல் சினை. அலமாரியில் இருந்த பழைய பாதரச வெப்பமானியை எடுத்து, பள்ளியில் படிக்கும் என் மகளையும் உடன் வைத்துக்கொண்டு அளந்தேன். முதல் நாள் மாலை 101.2. மறுநாள் காலை 101.2. அன்று இரவு ஒன்பது மணிக்கும் 101.2. "பார்த்தாயா, எவ்வளவு சீராக இருக்கிறது! இன்னும் நாள் இருக்கிறது" என்றேன். அவள் வெப்பமானியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, உதறினீர்களா?" என்று கேட்டாள்.

உதறவில்லை. மருத்துவ வெப்பமானியின் குமிழுக்கு மேலே நுண்குழாயில் ஓர் இடுக்கம் உண்டு. பாதரசம் விரியும்போது அதைத் தாண்டி மேலே போகும். குளிரும்போது அந்த இடத்தில் இழை அறுந்து, மேலே போன பாதரசம் அங்கேயே நின்றுவிடும். மருத்துவர் வெளியே எடுத்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. காய்ச்சலைக் காண மிக நன்று. ஆனால் நாங்கள் தேடியது ஏற்றத்தை அன்று, இறக்கத்தை! உதறாத வெப்பமானி இறக்கத்தை ஒருநாளும் காட்டாது. வகுப்பில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரையும் படம்தான் இது. உதறிவிட்டு மீண்டும் வைத்தோம். 98.4. எப்போது இறங்கியதோ, யார் கண்டார்? ஒரு பகல் முழுவதும் வீணாகிவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு முதல் குட்டி பிறந்தது. பெட்டி இல்லை, துணி இல்லை. மூன்றாவது குட்டியைக் கட்டிலுக்கு அடியில் வெறும் சிமெண்டுத் தரையில் போட்டிருக்கிறது. முதல் இரண்டையும் நக்கிக்கொண்டிருந்த தாய் அதைக் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. விடிந்து டார்ச்சு விளக்கை அடித்துப் பார்த்தபோது சில்லிட்டுக் கிடந்தது.

அது ஏன் அவ்வளவு விரைவில் குளிர்ந்தது? எடை ஏறக்குறைய 160 கிராம் இருந்திருக்கும். தாயின் எடையில் முப்பதில் ஒரு பங்கு. முன் சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு கிராமுக்கும் தாயைப் போல் மூன்று மடங்கு தோல். அதோடு பனிக்குட நீரில் நனைந்தே பிறக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். குட்டியின் உடல் ஒரு டிகிரி குளிர 560 ஜூல் வெளியேறினால் போதும் (160 கிராம் பெருக்கல் 3.5). அந்த ஒரு கிராம் நீர் தனக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் குட்டியிடமிருந்தே எடுத்தால், குட்டி நான்கு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும்! காற்றும் ஒரு பங்கு கொடுக்கும் என்பதால் உண்மையில் அவ்வளவு குறையாது; ஆனால் மேலே ஒட்டியிருப்பது ஒரு கிராம் நீர் மட்டுமன்றே. கீழே சிமெண்டுத் தரை வேறு வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. பிறந்த குட்டிக்கு முதல் சில நாட்கள் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் தெரியாது. தாய் விடாமல் நக்குவது மூச்சைத் தூண்டுவதற்கு மட்டுமன்று, ஈரத்தை அகற்றுவதற்கும்தான். தாய் ஒரு குட்டியை விட்டுவிட்டால் நாம் சுத்தமான பழந்துணியால் துடைத்து உலர்த்திக் கதகதப்பில் விட வேண்டும். முதல் வாரத்தில் குட்டிகள் இருக்கும் பெட்டியினுள் 30 டிகிரி செல்சியஸ் அளவு இருப்பது நல்லது. மார்கழியில் விளக்கோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோ தேவைப்படும். கோடையில் எங்கள் ஊருக்கு அது தேவையில்லை. அப்போது காற்றோட்டம்தான் வேண்டும்.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். இலக்க வெப்பமானியே, அதாவது டிஜிட்டல் வகையே சிறந்தது. உடைந்து பாதரசம் சிந்தும் அச்சமில்லை, உதறவும் வேண்டாம். அதை நாய்க்கென்றே தனியாக வைத்துவிடுங்கள். நுனியில் வாசலின் தடவி, ஒருவர் நாயைத் தட்டிக்கொடுத்துப் பிடித்திருக்க, மற்றவர் வாலைத் தூக்கி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மெல்லச் செலுத்தி, ஒலி கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும். மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மூக்கின் ஈரம் ஆவியாவதால் அது குளிர்ந்தே இருக்கும். 2020-இல் கொரோனா நாட்களில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவியும் பயன்படாது. அது அளப்பது மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை. நாயின் மேற்பரப்பு மயிர்தானே!

எத்தனை முறை அளப்பது? பள்ளம் சில மணி நேரமே நீடிக்கும். நாளுக்கு ஒரு முறை அளந்தால், இரண்டு அளவுகளுக்கு நடுவே பள்ளம் வந்து போய்விடலாம். நிகழ்ச்சியின் காலத்தைவிட அளவீட்டின் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்பது எல்லா அளவீட்டுக்கும் பொருந்தும். 57-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் அளந்து அந்த நாயின் வழக்கமான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 60-ஐத் தாண்டியதும் நாளுக்கு நான்கு முறை. ஒவ்வொன்றையும் கிராப் தாளில் புள்ளியாக வையுங்கள். ஒரே ஒரு புள்ளி தாழ்ந்திருந்தால் அரை மணி கழித்து மீண்டும் அளந்து உறுதி செய்யுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ரோஸி மறுபடி சினையானபோது இப்படித்தான் செய்தோம். ஐந்து நாட்கள் 100.6-க்கும் 101.2-க்கும் இடையே புள்ளிகள் ஆடின. 62-ஆம் நாள் காலை ஆறு மணிக்கு 100.4, நண்பகல் 99.0, மாலை ஆறு மணிக்கு 97.6. இரவு பத்து மணிக்கு 98.2 என்று ஏறத் தொடங்கியது. மாலையிலேயே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு முதல் குட்டி. மொத்தம் நான்கு, நான்கும் பிழைத்தன.

எந்த நாயிலும் இப்படி அழகாக அமையும் என்று எண்ண வேண்டாம். சில நாய்களில் பள்ளம் தெளிவாகத் தெரியாது. குறிப்பாக வயிற்றில் ஒரே ஒரு குட்டி இருந்தால் மணி அடிப்பதும் ஒன்றுதானே. ஓசை எழும்பாமலே நாள் தவறிவிடுவதுண்டு. அந்த ஒற்றைக் குட்டி பருத்தும் விடும். சிறிய நாயின் இடுப்பெலும்பில் அது சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஆகவே எத்தனை குட்டிகள் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. 55-ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எண்ணிவிடலாம். அதற்குமுன் நன்றாகத் தெரியாது. குட்டியின் எலும்பில் போதிய கால்சியம் படிந்த பிறகே அது எக்ஸ் கதிரைத் தடுக்கும்.

வெப்பநிலை இறங்கி 24 மணி நேரம் ஆகியும் பிரசவம் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தாய் பலமாக முக்கத் தொடங்கி அரை மணி ஆகியும் குட்டி வரவில்லை என்றாலும், இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேர இடைவெளி விழுந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல் குட்டி பிறக்கும் முன்பே கரும்பச்சை நிறத்தில் நீர் கசிந்தால் அது மிக அவசரம். நச்சுக்கொடி ஒன்று பிரிந்துவிட்டது, உள்ளே இருக்கும் குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுபோகிறது என்று பொருள். முதல் குட்டிக்குப் பிறகு அதே நிறம் வருவது இயல்பு. "ஒரு ஊசி போட்டால் வெளியே வந்துவிடும்" என்று யாராவது மருந்துக் கடையிலிருந்து ஆக்ஸிடோசின் வாங்கி வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். குட்டி சிக்கியிருக்கும்போது கருப்பையை மேலும் சுருங்கச் செய்தால் அது கிழிந்துபோகலாம். அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

குட்டிகள் பிறந்த பிறகும் தாயின் வெப்பநிலையைச் சில நாட்கள் அளந்து வாருங்கள். 102.5 வரை ஏறியிருப்பது கவலைக்குரியதன்று. 103-ஐத் தாண்டி, நாயும் சோர்ந்து, கசிவு துர்நாற்றம் அடித்தால் கருப்பையில் நச்சுக்கொடியோ குட்டியோ தங்கி நோய்க்கிருமி தொற்றியிருக்கலாம். அப்போது நாயோடு அந்தக் கிராப் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.